பிஸ்டன் பழுதும் பீங்கானும்

கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம். நெய்வேலி வெண்களிமண் அருகிலேயே கிடைப்பது இதற்கு வாய்ப்பானது. பொம்மைகள், அகல் விளக்குகள் ஆகியவற்றோடு மின்சார ஃபியூஸ் கட்டைகளும் இங்கு செய்யப்படுகின்றன. ஃபியூஸ் கட்டையில் மின்சாரத்தைத் தடுத்து நிற்கும் பீங்கானின் குணமே பெட்ரோல் கார் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கிலும் பயன்படுகிறது. பிளக்கின் அந்த வெள்ளை மூக்கு, எஞ்சினைப் பிரிக்காமலே பிஸ்டனின் நிலையை மெக்கானிக்குக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகவும் அமைந்தது.

பழுதை அறிதல்

தொடக்ககாலப் பிஸ்டன்கள் வார்ப்பிரும்பாலானவை. 1913-ல் இங்கிலாந்தின் டபிள்யூ. ஓ. பென்ட்லி, தாம் விற்றுவந்த டி.எஃப்.பி. கார்களில் அலுமினியக் கலவைப் பிஸ்டன்களைப் பொருத்தினார். முதல் உலகப்போரின் விமான எஞ்சின்களுக்கும் அவை சென்றன. அலுமினியம் எடை குறைந்தது, சூட்டை விரைவாகக் கடத்துவது. ஆனால் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பிஸ்டன் பழுதுகளில் பல இந்த இரண்டு குணங்களிலிருந்தே பிறக்கின்றன.

குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் அடங்கும் தட்டல் ஓசை, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி கூடிவிட்டதைக் குறிக்கும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளப்பது பழைய சோதனை. அழுத்தம் ஏறினால் பெரும்பாலும் ரிங் அல்லது சிலிண்டர் தேய்வு. ஏறாவிட்டால் வால்வையோ ஓட்டை விழுந்த பிஸ்டனையோ சந்தேகிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதே வழக்கம். பீங்கான் மூக்கு வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது. எண்ணெய் படிந்து கறுத்திருந்தால் ரிங்கைக் கவனிக்க வேண்டும். மிளகுத்தூள் தெறித்ததுபோல நுண்ணிய அலுமினியப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் பிஸ்டனின் தலை கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வண்டியை அதற்குமேல் ஓட்டினால் சிலிண்டரும் போய்விடும்.

போர்க்காலம்

சென்னை மாகாணத்தில் மோட்டார்ப் போக்குவரத்து வளர்ந்தபோது உதிரிபாகங்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தன. இரண்டாம் உலகப்போரில் அந்த வரத்து சுருங்கியது. பெட்ரோலுக்கும் பங்கீடு வந்தது. டி. வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் உருவாக்கிய 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' போன்ற கரிவாயுக் கலன்களைப் பூட்டிக்கொண்டு பேருந்துகள் ஓடின. இந்த வாயுவில் வண்டியின் இழுவை குறைந்தது மட்டுமல்ல. வடிகட்டிக்குத் தப்பிய சாம்பல் எண்ணெயோடு கலந்து அரைப்புச் சாந்தாகி ரிங்கையும் சிலிண்டரையும் தேய்த்தது. எஞ்சின் அதிகம் தேய்ந்த காலமும் புதுப் பிஸ்டன் கிடைக்காத காலமும் ஒன்றாகவே அமைந்தன.

இத்தகைய நிலையில் கடைசல் பட்டறையே கைகொடுக்கும். உருகிய பிஸ்டனைச் சரிசெய்வது அரிது; சரிசெய்யப்படுவது பெரும்பாலும் சிலிண்டர்தான். அதைச் சீராகக் கடைந்து 0.010, 0.020, 0.030 அங்குலம் பெரிய 'ஓவர்சைஸ்' பிஸ்டன் போடுவார்கள். கடைய இடமில்லாவிட்டால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள். காரணத்தைக் கண்டறியாமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால், அதே பழுது விரைவில் திரும்பிவரும்.

1949-ல் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. எஸ். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது அது. பிஸ்டன் உள்ளூரிலேயே வார்க்கப்படும் பொருளானது.

சாட்சியின் வரலாறு

பிளக்கின் பீங்கானும் எளிதில் வாய்த்ததல்ல. 1902-ல் பாஷ் நிறுவனத்தின் காட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அக்கால எஞ்சின்களின் சூட்டில் சாதாரணப் பீங்கான் விரிசல் கண்டது. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் சேர்ந்த அந்தக் கலவை ஃபியூஸ் கட்டைக்குப் போதும். ஆனால் கடும் சூட்டில் ஃபெல்ட்ஸ்பாரிலுள்ள காரப்பொருள் மின்சாரத்தைக் கசியவிடும். அதனால் விமான எஞ்சின்களின் பிளக்குகளில் மைக்கா தகடுகள் பயன்பட்டன. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மைக்காவுக்குப் பேர்போனது. ஈயம் கலந்த பெட்ரோல் வந்தபின் மைக்காவும் தாக்குப்பிடிக்கவில்லை. 1930-களில் ஜெர்மனியின் சீமென்ஸ் அலுமினா பீங்கானைப் பிளக்கில் கொண்டுவந்தது. இன்றைய பிளக்குகளின் மூக்கு அதன் வழிவந்ததே. இந்தியாவில் 1951-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் பிளக்குகளைத் தயாரித்தது.

பிஸ்டனைச் சிதைக்கும் 'நாக்' என்னும் வெடிப்பதிர்வை இப்போதைய கார்களில் ஒரு சென்சார் கேட்டறிகிறது. கணினி உடனே பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுகிறது. அதிர்வை மின்சாரமாக மாற்றும் அந்தச் சென்சாரின் உள்ளே இருப்பதும் ஒரு சிறிய பீங்கான் வளையம்தான்.