மூன்றாம் வகுப்புப் பிரயாணியும் பாராளுமன்றமும்

பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால், வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நமக்கு ஒருவகைப் பரபரப்பு உண்டாகும் காலம் ஒன்று இருந்தது. மாதக் கடைசியில், பெரும்பாலும் நண்பகல் வேளையில், ரயில்வே அமைச்சர் லோக சபையில் எழுந்து தமது வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிப்பார். சென்னையோடு நின்றுவிடும் வண்டி மதுரை வரை நீளுமா, வாரம் இருமுறை ஓடும் வண்டி தினமும் ஓடுமா, கட்டணம் ஏறுகிறதா என்பவற்றை அறிய, தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நம்மவர் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்திருப்பர். இரண்டு நாளைக்குப் பின் வரும் பொது வரவு செலவுத் திட்டத்தில் வருமான வரி செலுத்துவோருக்கு மட்டுமே அக்கறை. ரயிலோ, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊருக்குப் போய் வர வேண்டிய அனைவருக்கும் உரிய விஷயம்.

அந்த நாள் இப்போது இல்லை. 2016 பிப்ரவரி 25ஆம் தேதி சுரேஷ் பிரபு சமர்ப்பித்ததே கடைசியான தனி ரயில்வே வரவு செலவுத் திட்டம். 2017 பிப்ரவரி 1ஆம் தேதி முதல் அது பொதுத் திட்டத்தோடு ஒன்றாகிவிட்டது. ஏறத்தாழத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் நடைபெற்ற அந்த வழக்கம் எதற்காகத் தோன்றியது, அதனால் சாமானியப் பிரயாணிக்குக் கிடைத்தது என்ன, அது போனதால் எதை இழந்தோம் என்பவற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

1853 ஏப்ரல் 16ஆம் தேதி பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணா வரை 21 மைல் தூரம் முதல் பிரயாணி வண்டி ஓடிற்று. இந்நாட்டின் ஆரம்பகால ரயில் பாதைகளை அமைத்தவை இங்கிலாந்தில் மூலதனம் திரட்டிய கம்பெனிகள். அந்த மூலதனத்துக்கு ஆண்டுதோறும் 5 சதவீத வட்டிக்கு அரசாங்கம் உத்தரவாதம் அளித்திருந்தது. வருவாய் போதாவிட்டால் குறையை இந்நாட்டு மக்களின் வரிப்பணத்திலிருந்து ஈடு செய்தார்கள். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்கு வட்டி நிச்சயம் என்ற நிலையில், சிக்கனத்தைப் பற்றிக் கம்பெனிக்கு என்ன கவலை? பிரயாணியின் சௌகரியத்தைப் பற்றியோ அதற்கும் குறைவு.

இதைக் கேட்க மன்றம் இருந்ததா? 1892ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டசபையில் வரவு செலவைப் பற்றிப் பேசலாம். வாக்கெடுப்புக் கோர இயலாது. அந்த வெறும் பேச்சு உரிமையைக் கொண்டே கோபால கிருஷ்ண கோகலே 1902 முதல் ஆண்டுதோறும், ரயில்வேக்குக் காட்டும் தாராளத்தைப் பாசனத்துக்கும் கல்விக்கும் காட்டலாகாதா என்று வாதாடினார். அவருடைய புள்ளி விவரங்களுக்கு நிதி அங்கத்தினர் பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பதில் சொன்னதோடு காரியம் முடிந்தது.

பிரயாணியின் பாட்டைக் காந்தியடிகள் 1917இல் எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பில் தாம் வந்த கதை அது. கட்டணம் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று எழுதியிருந்தது. அதுவும் உட்காருவதற்கு மட்டுமே. சென்னை சேருமுன் இரண்டு இரவுகள் கழிய வேண்டும், கால் நீட்ட வழியில்லை. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று அதிகம். முதல் வகுப்பில் உள்ள வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்பில் உண்டா என்று அவர் கணக்குக் கேட்டார். ரயில்வேயின் பிரயாணிகளில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பார் என்பதை நினைவிற்கொண்டால் இக்கேள்வியின் கனம் விளங்கும்.

முதல் உலக யுத்தம் முடிந்தபோது ரயில்வே நைந்துபோயிருந்தது. நிலைமையை ஆராய 1920இல் சர் வில்லியம் ஆக்வொர்த் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. வலங்கைமானில் பிறந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியாரும் அதில் ஓர் அங்கத்தினர். மாற்றப்படவேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்ட தண்டவாளங்களும் என்ஜின்களும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன, பல பாலங்கள் இக்காலப் பாரத்தைத் தாங்க வல்லவை அல்ல என்று 1921இல் குழு அறிவித்தது. நோய்க்கு மூலம், ரயில்வேயின் பணம் பொதுக் கஜானாவோடு கலந்து கிடந்ததேயாகும். மழை பொய்த்து அரசாங்க வருமானம் குறைந்தால் ரயில்வேக்கான தொகையைக் குறைத்துவிடுவார்கள். கொடுத்த தொகையும் மார்ச் 31ஆம் தேதிக்குள் செலவாகாவிட்டால் காலாவதியாகிவிடும். வீடு கட்டுகிறவனிடம், பங்குனிக்குள் செலவழிக்காத பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு, சித்திரையில் வேறு கேட்டுப் பார் என்று சொன்னால் சுவர் எழும்புமா? பாலமும் அப்படித்தான் பாதியில் நின்றது.

ஆகவே கணக்கைப் பிரிக்க வேண்டும் என்பது குழுவின் முடிவு. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தினால் தோன்றிய மத்திய சட்டசபை, 1924 செப்டம்பர் 20ஆம் தேதி அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றிற்று. வாணிப நோக்குடைய பாதைகளில் முடக்கிய மூலதனத்தில் 1 சதவீதமும், மிஞ்சும் இலாபத்தில் ஐந்தில் ஒரு பங்கும் ரயில்வே பொது நிதிக்குத் தர வேண்டும். எஞ்சியதைத் தன் புனரமைப்புக்கு வைத்துக்கொள்ளலாம். 1925 முதல் தனி வரவு செலவுத் திட்டம் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டசபை இந்த உரிமையை இனாமாகக் கொடுத்துவிடவில்லை. ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, ஜி.ஐ.பி. ரயில்வே ஆகிய இரண்டும் அரசாங்க நிர்வாகத்தில் இருக்கும் வரையில்தான் இவ்வேற்பாடு செல்லும் என்று நிபந்தனை விதித்தது. ரயில்வே உத்தியோகங்களில் இந்தியர்களை விரைவாக அமர்த்த வேண்டும், ரயில்வே போர்டிலும் இந்தியர் இடம் பெற வேண்டும் என்றும் கேட்டது. செலவுகளைப் பரிசீலிக்க நிலையான நிதிக் குழு ஒன்றும் ஏற்பட்டது. அந்நிய ஆட்சியில், பாதி அதிகாரமே உள்ள ஒரு சபை இவ்வளவு பேரம் பேசியதை நினைத்தால் வியப்பாகவே இருக்கிறது.

தனித் திட்டம் வந்ததால் தனி விவாதமும் வந்தது. முதலில் பொது விவாதம். பிறகு மானியக் கோரிக்கைகள் ஒவ்வொன்றாக. அப்போது அங்கத்தினர் கையாளும் ஆயுதம் வெட்டுப் பிரேரணை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் என்றுமே சங்கடம் தருவது. முதன்முறை படிப்பவர் யாரையோ வெட்டப் போகிறார்கள் என்றுதான் எண்ணுவார். கோரிக்கைத் தொகையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று ஓர் அங்கத்தினர் முன்மொழிவார். கோடிக்கணக்கில் புரளும் ரயில்வேக்கு நூறு ரூபாய் ஒரு பொருட்டன்று. அந்த நூறு ரூபாயைச் சாக்காகக் கொண்டு ஒரு குறிப்பிட்ட குறையைச் சபை முன் வைக்கிறார், அவ்வளவே. நடைமேடையில் கூரை இல்லாதது, சந்திப்பு நிலையத்தில் குடிநீர்க் குழாய் வற்றியது, பெண்கள் பெட்டியில் விளக்கு எரியாதது ஆகிய அனைத்தும் இந்த நூறு ரூபாயின் வழியே தேசத்தின் உயர்ந்த மன்றத்துக்குள் நுழைய முடியும். பிரேரணை பெரும்பாலும் தோற்கும், அல்லது திரும்பப் பெறப்படும். ஆயினும் கேள்வியும் பதிலும் அச்சாகி நிற்கும்.

பேச்சினால் விளைந்தது என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்வோம். 1937 ஜூலையில் பாட்னாவை அடுத்த பீட்டாவில் விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விபத்தை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர்கள் அப்போது ரயில்வே போர்டின் கீழேயே வேலை பார்த்தார்கள். வண்டியை ஓட்டுவிக்கிறவரே விபத்துக்கு நீதிபதியாகவும் இருப்பது தகுமா என்ற கேள்வி எழுந்தது. அந்த வகை என்ஜின்களைப் பற்றி ஆராய அமைத்த குழு, இன்ஸ்பெக்டர்களைப் போர்டிலிருந்து பிரிக்க வேண்டும் என்று 1939இல் கூறியது. மறு ஆண்டில் மத்திய சட்டசபை அதை ஆதரித்தது. 1941 மே மாதம் அவர்கள் தபால், விமானப் போக்குவரத்து இலாகாவுக்கு மாற்றப்பட்டனர். ரயில் விபத்தை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையர் இன்றும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தவராயிருப்பது ஏன் என்று திகைக்கும் நேயர்களுக்கு இதுவே விடை.

சுதந்திரம் வந்தது. 1947 நவம்பரில் ஜான் மத்தாய் சுதந்திர இந்தியாவின் முதல் ரயில்வே திட்டத்தைச் சமர்ப்பித்தார். அவருக்குப் பின் வந்த கோபாலஸ்வாமி ஐயங்காரும், அவருக்குத் துணை நின்ற இராஜாங்க அமைச்சர் கே. சந்தானமும் தஞ்சை ஜில்லாக்காரர்கள். சிதறிக் கிடந்த கம்பெனி ரயில்வேக்களையும் சமஸ்தான ரயில்வேக்களையும் மண்டலங்களாகத் தொகுக்கும் வேலை அவர்கள் காலத்தில் நடந்தது. அவசரப்பட வேண்டாம், ஐந்தாண்டு பொறுக்கலாம் என்று பண்டித குன்ஸ்ரு தலைமையிலான விசாரணைக் குழு சொல்லியிருந்தும் அரசாங்கம் துணிந்து இறங்கிற்று. எம்.எஸ்.எம்., சௌத் இந்தியன், மைசூர் ஆகிய மூன்று ரயில்வேக்களும் சேர்ந்து 1951 ஏப்ரல் 14ஆம் தேதி தென்னக ரயில்வே ஆயிற்று. முதலில் உருவான மண்டலம் அதுவே. தலைமையகம் எங்கே, சிப்பந்திகளின் பதவி உயர்வு என்னாகும் என்ற வாதங்கள் ஓய நெடுங்காலம் ஆயிற்று.

அடுத்து, நாம் மறக்கலாகாத ஓர் இரவு. 1956 நவம்பர் 23ஆம் தேதி, பொழுது விடிவதற்கு முன், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்றுகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் வண்டி அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்தில் விழுந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்களில் இழவு விழுந்தது. அதற்கு முன்பு செப்டம்பரில் மகபூப்நகரில் பாலம் உடைந்து வண்டி விழுந்தபோதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி இராஜிநாமாச் செய்ய முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. இம்முறை சாஸ்திரி விடாப்பிடியாக நின்றார். விபத்துக்குச் சாஸ்திரி எவ்விதத்திலும் காரணமல்லர் என்றும், அரசியல் முறைமைக்கு இது முன்மாதிரியாகட்டும் என்றே இராஜிநாமாவை ஏற்பதாகவும் நேரு சபையில் விளக்கினார். மருதையாற்றில் மாண்டவர்களில் அநேகர் சபை என்பதையே கண்டறியாதவர்கள். அவர்கள் பொருட்டு ஓர் அமைச்சர் அச்சபையில் பதவி துறந்தார்.

வகுப்புகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1955இல் பழைய முதல் வகுப்பு நீக்கப்பட்டு, இரண்டாம் வகுப்பு முதல் வகுப்பாகவும், இடைவகுப்பு இரண்டாம் வகுப்பாகவும் பெயர் பெற்றன. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் மறைந்தது. பெயர் போயிற்று, பலகை போகவில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு மரப்பலகையில் படுத்து வந்த உடல்வலியை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராயிருந்த மது தண்டவதே, நெடுங்காலம் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து கேள்வி கேட்டுப் பழகியவர். இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல நுரை மெத்தை போட ஏற்பாடு செய்தவர் அவர். காந்தியடிகள் கணக்குக் கேட்ட அறுபது ஆண்டுகளுக்குப் பின் வந்த பதில் என்று அதைக் கொள்ளலாம்.

இனி, தனித் திட்டத்தின் முடிவுக்கு வருவோம். அதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. ஆண்டுதோறும் புதிய வண்டிகளையும் புதிய பாதைகளையும் அறிவிப்பது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. அமைச்சரின் மாநிலத்துக்கு வண்டிகள் குவியும், மற்றவர்கள் கூச்சலிடுவர். பணம் ஒதுக்காமல் அறிவித்த பாதைகள் பல ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்தன. இந்த வழக்கம் தேவையில்லை என்று பிபேக் தேப்ராய் குழு கூறியதன் மேல் 2016 செப்டம்பரில் அமைச்சரவை முடிவு செய்தது. பொது நிதிக்கு ரயில்வே செலுத்திவந்த டிவிடெண்டும் அதோடு நின்றது. ரயில்வேக்கென இருந்த பதினாறு மானியக் கோரிக்கைகள் பிற்பாடு ஒன்றாகச் சுருங்கின. கணக்கு நூலாக மட்டும் பார்த்தால் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை என்பது நம் கருத்து.

நம் மனத்தை உறுத்துவது விவாத நேரம். தனித் திட்டம் இருந்தபோது ரயில்வேக்கென்று நாட்கள் ஒதுக்கியாக வேண்டும். இப்போது அது எத்தனையோ அமைச்சகங்களில் ஒன்று. நேரம் தீர்ந்துவிட்டால் விவாதிக்கப்படாத கோரிக்கைகளை எல்லாம் ஒரே மூச்சில் வாக்குக்கு விடுவதைப் பாராளுமன்ற வழக்கில் கில்லட்டின் என்பர். 2018 மார்ச் 14ஆம் தேதி, சபையின் அமளிக்கிடையே எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமின்றி இவ்வாறு நிறைவேறின. 2023 மார்ச் 23ஆம் தேதியும் அப்படியே. நூறு ரூபாய் வெட்டுப் பிரேரணைக்கு அந்நாட்களில் இடமே இல்லாமற்போயிற்று. நிலைக் குழு என்று ஒன்று இருந்து கோரிக்கைகளைப் பரிசீலிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதன் கூட்டம் மூடிய அறையில் நடப்பது. தன் ஊரின் பெயரை அமைச்சரின் எதிரில் ஒருவர் எழுந்து சொல்வதைப் பிரயாணி அங்கே கேட்க முடியாது.

அந்த ஆசை அங்கத்தினர்களிடம் அற்றுப்போய்விடவில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 2019 ஜூலை 11ஆம் தேதி ரயில்வேக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வந்தன. பேச விரும்பியோர் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. மாலை ஆறு மணிக்குக் கலைய வேண்டிய லோக சபை இரவு உணவு வேளையையும் தாண்டி அமர்ந்தது. ஏறத்தாழ நூறு பேர் பேசினர். ஏறக்குறைய நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குச் சபை கலைந்தது. அமைச்சர் மறுநாள் பதில் அளித்தார்.