தீவகமும் படை அதிகாரித் தெரிவும்

இலங்கையில் தரைப்படை 1949 அக்டோபர் 10இலும் கடற்படை 1950 டிசம்பர் 9இலும் நிறுவப்பட்டன. அதிகாரிப் பதவிக்கு ஆள் எடுப்பது அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் மூலம் நடந்தது. விண்ணப்பம் கொழும்புத் தலைமையகத்துக்குத் தபாலில் போனது. தகுதியானோர் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டனர். தொடக்க காலத்தில் தெரிவானோர் பலர் இங்கிலாந்தின் சாண்ட்ஹேர்ஸ்ட், டார்ட்மவுத் கல்லூரிகளில் பயிற்சி பெற்றனர்.

யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள தீவுகளான தீவகத்தின் இளைஞருக்கு இந்தத் தெரிவின் முதற்படி பயணமே. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்து, அங்கிருந்து கொழும்புக்கு ரயிலேற வேண்டியிருந்தது.

தமிழர் உச்சப் பதவியை எட்டிய காலமும் உண்டு. அன்ரன் முத்துக்குமாரு 1955இல் தரைப்படையின் முதல் இலங்கையர் தளபதியானார். ராஜன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தலைமை தாங்கினார். ஆனால் 1956இன் தனிச் சிங்களச் சட்டமும், 1962இன் தோல்வியுற்ற இராணுவச் சதிக்குப் பின் வந்த மாற்றங்களும் தமிழருக்குப் படை அதிகாரிப் பதவியின் வாசலைப் பெரிதும் ஒடுக்கின.

1983க்குப் பின் மூண்ட போரில் அந்த வாசல் ஏறத்தாழ அடைபட்டது. போர் தீவகத்தையும் எட்டியது. 1992 ஆகஸ்ட் 8இல் ஊர்காவற்றுறைத் தீவின் அராலித்துறையில் வெடித்த கண்ணிவெடியில் டென்சில் கொப்பேகடுவ உள்ளிட்ட மூத்த படை அதிகாரிகள் கொல்லப்பட்டனர். 2009இல் போர் முடிந்தபின் வடக்கில் தமிழரைப் படையில் சேர்க்கும் முயற்சிகள் மீண்டும் தொடங்கின.