மெஷ் தரக் குறைபாடு: பந்தயக் கார் காற்றியக்கக் கணிப்பு

பந்தயக் காரைச் சுற்றிக் காற்று ஓடும் விதத்தைக் கணினியில் கணிக்க, காரைச் சூழ்ந்த வெளியை லட்சக்கணக்கான சிறு செல்களாகப் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிப்பே மெஷ். செல்கள் கோணலாகவோ, நசுங்கியோ, பக்கத்துச் செல்லோடு பொருந்தாத பருமனிலோ அமைந்தால் கணிப்பு பாதியில் முறியும். அல்லது முறியாமல் ஓடி முடிந்து தவறான எண்ணைத் தரும். இரண்டாவதுதான் ஆபத்து.

கணினிக் கணிப்பு கைக்கு எட்டாத காலத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் வழியில் உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தின் மீது மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. அந்தக் காலத்தில் காரின் வடிவைத் திருத்தினால், ஓட்டிப் பார்த்துத்தான் பலனை அறிய முடிந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்டு பந்தயங்கள் அங்கே போயின. இன்று ஐஐடி மெட்ராஸின் ரஃப்தார் போல ஃபார்முலா ஸ்டூடண்ட் எனும் மாணவர் போட்டிக்குக் கார் கட்டும் அணிகளுக்குக் காற்றுச் சுரங்கச் சோதனை செலவு மிக்கது. கணினிக் கணிப்பு கைக்கு எட்டுவது. அதனால் மெஷ்ஷின் தரம் அவர்களுக்கு நேரடியான கவலை.

குறைபாட்டைக் காட்டும் அறிகுறிகள் சில. சமன்பாடுகளின் மீதப்பிழை ஓர் அளவுக்குக் கீழே இறங்க மறுக்கும். காரைத் தரையோடு அழுத்தும் விசையான டவுன்ஃபோர்ஸின் எண் ஓரிடத்தில் நிலைக்காமல் ஊசலாடும். ஏதோ ஒரு செல்லில் மட்டும் காற்றின் வேகம் நம்ப முடியாத அளவுக்கு ஏறியிருக்கும். காற்றோட்டமே நிலையற்றதாக இருந்தாலும் ஊசல் வரும் என்பதால், மோசமான செல்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் படத்தில் பார்ப்பதே முதல் வேலை. பார்க்காமல் மெஷ் முழுவதையும் நுணுக்குவது கணினி நேரத்தை விழுங்கும்; குறையோ அதே மூலையில் இருக்கும்.

அந்த மூலை பெரும்பாலும் டயர் தரையைத் தொடும் இடம். வட்டமான டயர் தட்டையான தரையைத் தொடுகோடாகச் சந்திக்கையில், இடையில் கத்தி முனை போன்ற இடுக்கு உருவாகிறது. அதற்குள் நல்ல செல் எதுவும் அமையாது. டயரைச் சில மில்லிமீட்டர் தரைக்குள் அமிழ்த்துவது, அல்லது தொடுமிடத்தில் சிறு மேடை வைத்து இடுக்கை அடைப்பது வழக்கமான தீர்வு. அடுத்த இடம் இறக்கையின் பின்விளிம்பு. வரைபடத்தில் அது கூர்மையாக முடிந்தால் செல்கள் திருகிக்கொள்ளும். செய்யப்படும் பாகத்துக்கு எப்படியும் தடிமன் உண்டு என்பதால், அந்தத் தடிமனை வரைபடத்திலும் கொடுப்பதே சரி. ஒன்றன்மேல் ஒன்றேறிய பரப்புகளையும் ஓட்டைகளையும் மெஷ்ஷுக்கு முன்பே அடைக்க வேண்டும்.

உடலை ஒட்டிய காற்றடுக்கு தனிக் கவனம் கேட்பது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சுவர் வரை, அதாவது காரின் பரப்பு வரை, முழுமையாகக் கணிக்க, முதல் செல்லின் தடிமன் ஏறத்தாழ நூறில் ஒரு மில்லிமீட்டராக இருக்க வேண்டும். சுவர்ச் சார்பு எனப்படும் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவு போதும். இரண்டுக்கும் நடுவில் சிக்கும் அளவே தொல்லை. அடுக்குகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட சுமார் 1.2 மடங்கு வளர்வது பொதுவான நடைமுறை. தரைக்கு மிக அருகில் தொங்கும் முன்னிறக்கையின் அடியில் இந்த அடுக்குகள் இடமின்றிச் சரிந்து மறைவதுண்டு. டவுன்ஃபோர்ஸின் பெரும்பங்கு பிறப்பதும் அத்தகைய இடங்களில்தான்.

ஓப்பன்ஃபோம் மென்பொருளின் செக்மெஷ் கருவி, இரு செல் மையங்களை இணைக்கும் கோட்டுக்கும் இடைமுகத்தின் செங்குத்துக்கும் உள்ள கோணம் 70 பாகையைத் தாண்டினால் எச்சரிக்கும். சில செல்கள் தாண்டினால் திருத்தச் சுற்றுகளைக் கூட்டிச் சமாளிக்கலாம். அவை இறக்கையின் மேல் குவிந்திருந்தால் சமாளிப்பு கூடாது, மெஷ்ஷையே மாற்ற வேண்டும்.

கணிப்பை மட்டும் நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். 2010இல் ஃபார்முலா 1இல் நுழைந்த வெர்ஜின் அணி, காற்றுச் சுரங்கம் இல்லாமல் கணிப்பை மட்டும் நம்பிக் காரை வடிவமைத்தது. அவ்வாண்டு ஒரு புள்ளியும் பெறவில்லை; 2011இல் அந்த முறையைக் கைவிட்டது. புதிய அணிக்கு வேறு குறைகளும் இருந்தன. பழியைக் கணிப்பின் மேல் மட்டும் போட முடியாது.

ஒரே காரை மெஷ்ஷின் மூன்று நுணுக்க அளவுகளில் கணித்து ஒப்பிடுவது எந்த அணியாலும் செய்யக்கூடிய சோதனை. மெஷ் மாறுவதால் டவுன்ஃபோர்ஸ் 5 விழுக்காடு மாறும்போது, புதிய இறக்கை 2 விழுக்காடு கூட்டியது என்ற முடிவுக்கு மதிப்பில்லை. அதன்பின் தடத்தில் இறக்கையின் மேல் கம்பளி நூல்களை ஒட்டி ஓட்டிப் பார்த்தால், காற்று பரப்பை விட்டுப் பிரியும் இடம் கணிப்போடு ஒத்துப்போகிறதா என்று கண்ணாலேயே தெரியும்.