இரவல் குரல்

அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த தெருவில், 1980-களின் பிற்பகுதியில், டெலிவிஷன் இருந்த வீடுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். 'டெக்' என்று எல்லோரும் சொன்ன வீடியோ கருவியோ ஒரு வீட்டிலும் கிடையாது. எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, சனிக்கிழமை இரவுக்கு அதை வாடகைக்கு எடுப்பார்கள். கடைப் பையன் சைக்கிள் காரியரில் டெக்கைக் கட்டிக்கொண்டு மூன்று காஸெட்டுகளுடன் வந்து இறங்குவான். மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திராது.

மூன்றில் ஒன்று, பெரியவர்களுக்காகப் பழைய படமாக இருக்கும். அப்படி ஓர் இரவு வந்து சேர்ந்ததுதான் 'அடுத்த வீட்டுப் பெண்'. நாங்கள் அதைப் பார்த்ததும் அடுத்த வீட்டில்தான்!

1960-ல் வெளிவந்த அந்தப் படத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை சொல்கிறேன். சங்கீதப் பித்துக் கொண்ட ஒரு பெண். அவள்மேல் ஆசை வைக்கும் அடுத்த வீட்டு அசட்டுப் பிள்ளை. பாடினால்தான் அவள் மனம் இளகும். இவனுக்கோ பாட வராது. என்ன செய்வான்? நண்பன் மறைவிலிருந்து பாட, இவன் வாயை மட்டும் அசைக்கிறான். டி. ஆர். ராமச்சந்திரனும் அஞ்சலி தேவியும் ஜோடி. தங்கவேலுவும் உண்டு என்றால் சிரிப்புக்குக் கேட்க வேண்டுமா? டைரக்ஷன் வேதாந்தம் ராகவய்யா, சங்கீதம் ஆதிநாராயண ராவ். வேடிக்கை என்னவென்றால், மறைந்திருந்து பாடும் நண்பனுக்கும் அது சொந்தக் குரல் அல்ல. அவனுக்கும் பின்னால் பி. பி. ஸ்ரீநிவாஸ் இருந்தார்.

கதையும் இரவல்தான். 1952-ல் வங்காளத்தில் 'பாஷேர் பாரி'யாகவும், 1953-ல் தெலுங்கில் 'பக்கிண்டி அம்மாயி'யாகவும் வந்தது. ஹிந்தி 'படோசன்' வந்தது 1968-ல். தமிழ்ப் படம் ஹிந்தியைப் பார்த்து எடுத்ததென்று பந்தயம் கட்டியவர்களை நான் அறிவேன். இரண்டையும் வீட்டிலேயே அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கும் காலம் வந்த பிறகுதான் அந்த வழக்கு தீர்ந்தது.

நிற்க. அந்த இரவுக்கு வருகிறேன். அடுத்த வீட்டு மாமி சிறு பெண்ணாக இருந்தபோது டூரிங் கொட்டகையில் அந்தப் படத்தைப் பார்த்தவர். ஸ்ரீநிவாஸின் ஒரு பாட்டுக்காக அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். திரையில் படம் மழையில் நனைந்தது போல இருந்தது. அடியில் ஜவுளிக்கடை விளம்பரம் ஊர்ந்துகொண்டிருந்தது. பாட்டு வர வேண்டிய இடம் வந்தது. படம் ஒரு குலுங்கு குலுங்கி அடுத்த காட்சிக்குத் தாவிவிட்டது.

"பாட்டு எங்கேடா?" என்றார் மாமி. யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காஸெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரரிடம் கேட்டேன். "நாலு மணி நேர டேப்புல ரெண்டு படம் ஏத்தியிருக்கு தம்பி. பாட்டை எடுத்தாத்தான் அடங்கும். பாட்டை யார் பார்க்கிறாங்க? ஓட்டிவிட்டுடறாங்க" என்றார். பாட்டுப் பைத்தியங்களைப் பற்றிய படத்தில் பாட்டுக்கு இடமில்லை!

1976-ல் ஜப்பானில் பிறந்த வி.எச்.எஸ். காஸெட், 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டை ஒட்டி வண்ண டெலிவிஷன் வந்த பிறகு நம் தெருக்களில் பரவியது. காந்த நாடாவில் நகலுக்கு நகல் எடுக்க எடுக்கப் படம் மங்கும், குரல் கரகரக்கும். பிறகு வி.சி.டி. வந்தது. ஒரு தட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். காதலனும் காதலியும் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்த் தட்டை மாற்ற வேண்டும். திருட்டு வி.சி.டி. பெருகி, 2004-ல் தமிழக அரசு அதைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2007-ல் மோசர் பேயர் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றபோது, படம் பார்ப்பவன் முதல் தடவையாகப் படத்துக்குச் சொந்தக்காரனும் ஆனான்.

இந்த நகல்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. 1931-ல் வந்த நம் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போய்விட்டது. மழை பெய்யும் படமாவது இருந்திருந்தால் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்போமே! ஆனால் நகலும் நிலையல்ல. 2016-ல் உலகத்தில் டெக் செய்வதே நின்றுவிட்டது. மோசர் பேயரைக் கலைத்துவிட 2018-ல் உத்தரவாயிற்று. பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் காஸெட்டைப் போட்டுப் பார்க்க இன்று கருவி ஏது?

பல வருஷங்களுக்குப் பின் பூந்தமல்லியில் ஒரு கடையில் அந்தப் படத்தின் தட்டு அகப்பட்டது. மாமியிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். பாட்டு முழுசாக வந்தது. முடியும்வரை அசையாமல் பார்த்தார்.

"இவ்வளவு சின்னப் பாட்டா அது?" என்றார்.

காணாமல் போயிருந்த வருஷங்களில் அது அவர் மனத்துக்குள் வளர்ந்துவிட்டிருந்தது. சற்று நேரம் கழித்து, "இன்னொரு தரம் போடுடா" என்றார். அதைக் கொட்டகையில் கேட்டிருக்க முடியுமா?