யாருக்கு நினைவுக்கல்?

நம் புக்கிட் மெர்தாஜாம் நிலையத்தைக் கடந்து வடக்கே போகும் தண்டவாளம் பாடாங் பெசார் வழியாகச் சயாமுக்குச் செல்கிறது. ஜப்பான்காரன் காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், போர்க்கைதிகளும் தோட்டத் தமிழர்களும் இவ்வழியேதான் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

மாண்ட போர்க்கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் பராமரிக்கப்படும் மயானம் உண்டு. பிரிட்டிஷ் கொடியின்கீழ் மடிந்த இந்தியச் சிப்பாய்களுக்குத் தைப்பிங்கில் கல்லறைகள் உண்டு. அந்த ரயில் பாதையில் பல்லாயிரமாய் மாண்ட தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. அவர்கள் சீருடை அணியாதவர்கள்.

அதே 1942இல் பினாங்கில் இந்திய விடுதலைக்காகப் பயிற்சி பெற்றவர் திருவிதாங்கூரைச் சேர்ந்த வக்கம் அப்துல் காதர். ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் சென்று மலபார் கரையில் இறங்கியவர் பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் ஆனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபவுஜா சிங் ஆகியோருடன் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு வயது 26.

ஆங்கிலேயருக்கு அவர் துரோகி; இந்தியருக்குத் தியாகி. சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தினருக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தை, 1945இல் திரும்பி வந்த ஆங்கிலேயர் தகர்த்தனர். அவ்விடத்தில் நினைவுக்குறி வைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்சி மாறினால் மரியாதையும் மாறுகிறது.

நம்மை உறுத்தும் கேள்வி வேறு. காதரை ஏற்றிச்சென்ற ஜப்பான்தான் நம் மக்களைக் காட்டுக்கும் அனுப்பியது. அவரைப் போற்றினால் அந்தக் கொடுமையை மறந்ததாகுமா? ஆகாது என்பதே நம் கருத்து. ஒருவர் எதற்காக உயிர் கொடுத்தார் என்பதைப் போற்றலாம். அவருக்குத் துணைநின்ற அரசு செய்த அநியாயத்தையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். தைப்பிங்கில் உறங்கும் சிப்பாய்க்கும் இது பொருந்தும். அவருடைய கடமையுணர்வை மதிப்பதால் ஆங்கிலேயரின் அடிமை ஆட்சி நியாயமாகிவிடாது.

வீரரைக் கௌரவிப்பது நல்ல காரியம். ஆனால், ஆயுதம் ஏந்தாமல் மாண்டவரை விட்டுவிட்டு வீரரை மட்டும் கௌரவித்தால் நீதி பாதியில் நிற்கும். சயாமுக்குப் போய்த் திரும்பாத பாட்டனார், பெரியப்பா, அண்டை வீட்டார் பெயர் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கலாம். கேட்டு எழுதிவையுங்கள், மதம், இனம் பார்க்காமல் எழுதுங்கள். எழுதியதைச் சங்கத்திடம் கொடுங்கள். நாம் துஆ செய்யும்போது அந்தப் பெயர்களும் நம் நாவில் வரட்டும்.