திண்ணனார் திருக்கையிற் சிலை

குடமுழுக்கு விழாக் காணும் இத்திருக்கோயிலின் திருச்சுற்றில், அறுபத்துமூவர் வரிசையிலே, கையில் வில்லேந்தி நிற்கும் திருவுருவம் ஒன்று உண்டு. கண்ணப்ப நாயனார் அவர். அவருடைய அன்பின் பெருமையைப் பேசாத நாவில்லை. திருஞானசம்பந்தர் முதலாய நால்வரும் அவரைப் பாடிப் பரவினர். ஆயினும், அவர் ஏந்திய வில்லையும் அம்பையும் பற்றி எண்ணுவார் சிலரே. அடியேனும் நெடுங்காலம் எண்ணாதிருந்தவன்தான். எண்ணும்படி செய்தவர் ஒரு முதியவர்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன், திருமடத்தில் பாடங்கேட்டு முடித்த இளமைச் செருக்கோடு, கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் கண்ணப்பர் புராணம் விரித்துரைத்தேன். "திண்ணனார் நாணொலி கேட்டுக் கானமெல்லாம் கலங்கிற்று" என்று குரலுயர்த்திச் சொன்னேன், அவையும் மகிழ்ந்தது. விரிவுரை முடிந்தபின் மலைவாழ் முதியவர் ஒருவர் அணுகி, கைகூப்பி, "சாமி, வில்லு அப்படிக் கத்தினா மான் நிக்குமா? அப்புறம் அந்தப் பெரியவரு காளத்தி ஐயனுக்கு என்னத்தைப் படைச்சிருப்பாரு?" என்று வினவினார். யான் விடையறியாது நின்றேன்.

மறுநாள் அவர் இல்லம் சென்றேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டையைக் கைவிட்டவர் அவர். தந்தையார் வழிவந்த மூங்கில் வில்லையும் நான்கைந்து அம்புகளையும் மட்டும் கூரையின் உட்புறத்தே செருகிப் போற்றி வைத்திருந்தார். அன்று அவரிடம் கேட்டறிந்தவற்றை, பின்னர் நூல்களோடு ஒப்பவைத்துக் கண்டவற்றோடு சேர்த்து ஈண்டுக் கூறுகின்றேன்.

போர்வில் வேறு, வேட்டைவில் வேறு. போர்க்களத்தில் நாணொலி ஒரு படைக்கலம். பகைவர் நெஞ்சை அம்பு துளைக்குமுன் ஒலி துளைக்க வேண்டும். காவியப் புலவர்கள் நாணொலியை இடியோடு ஒப்பிடுதல் அதனாலேயே. வேட்டுவனுக்கோ அவ்வொலியே பகை. ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். மூங்கில் வில்லினின்று விடுபட்ட அம்பு 50 மீட்டர் செல்லுதலே அரிது. ஆகவே 25 மீட்டர் தொலைவில் நிற்கும் மானை அம்பு சென்றடைய அரை விநாடி வேண்டும். ஒலியோ அதில் ஆறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அதன் செவியை எட்டிவிடும். மான் உடல் தாழ்த்தித் துள்ளுதற்கு அவ்விடைவெளி போதும். அம்பு வெறுவெளியிற் பாயும். அன்றிக் குறிதவறிப் பட்டு, விலங்கு புண்ணோடு ஓடி நெடுநேரம் துன்புற்று மாயும். இரண்டாவதையே முதியவர் பெரும்பழி என்றார்.

வில் ஏன் ஒலிக்கிறது? வளைந்த வில்லில் அடங்கிய வலிமை முழுவதும் அம்பைச் சேர்தல் வேண்டும். சேராது எஞ்சியது நாணிலும் கையிலும் அதிர்வாகி ஒலிக்கின்றது. வில்லின் வலிமைக்கு ஏலாத மெல்லிய அம்பைத் தொடுத்தால் எஞ்சுவது மிகும், ஓசையும் மிகும். சற்றே கனத்த அம்பு அவ்வலிமையை வாங்கிக்கொண்டு செல்லும், வில் அடங்கும். நாண் தளர்ந்திருப்பின் வில்லின் உடலிலும் முன்கையிலும் அறையும். அதனை முறுக்கேற்றிச் சுருக்கிக் கட்டல் வேண்டும். நாணின் நார் பிரிந்து மயிர்த்தால் தேன்மெழுகு தேய்த்து ஒன்றாக்கல் வேண்டும். முதியவர் நாணின் இரு தலைப்பிற்கும் அருகே முயல்மயிர்க் கற்றையைச் சிறு பூப்போலக் கட்டியிருந்தார். நாணின் துடிப்பை அம்மென்மயிர் வாங்கி அடக்கும் என்பது அவர் அனுபவம். அவர் வில்லை வளைத்து ஒரு முறை எய்து காட்டினார். கதவு மெல்லச் சாத்தியது போன்ற ஓசையே எழுந்தது.

நாணுக்குரிய பொருள்களைக் கௌடலியரின் பொருள்நூல் நிரல்படக் கூறுகின்றது. மூர்வை என்னும் கொடி, எருக்கு, சணல், மூங்கில், விலங்கின் நரம்பு ஆகியவை அதில் வரும். சேக்கிழார் பெருமானும் திண்ணனார் முதன்முதல் வில்பிடித்த விழாவில், புலி நரம்பாற் செய்த காப்பினை அவர் முன்கையிற் கட்டி வேடர் வாழ்த்தியதைப் பாடியுள்ளார். கருவியைத் தொடுமுன் காப்பணியும் அம்முறை, நம் சிவாசாரியர்கள் வேள்விச்சாலை புகுமுன் காப்பணிதலை நினைப்பூட்டவில்லையா?

இனி அம்பு. முதியவர் ஓர் அம்பை எடுத்து, அதன் முனையைத் தம் இடக்கைப் பெருவிரல் நகத்தில் ஊன்றி, வலக்கையால் உருட்டினார். "டிக், டிக்" என்று மெல்லிய ஓசை எழுந்தது. "கோல் வளைஞ்சிருந்தா நகத்துல துள்ளும் சாமி, நேரா இருந்தா ஒரே சீரா ஓடும்" என்றார். அடியேன் மெய்சிலிர்த்தேன். குறுந்தொகையின் 16ஆம் பாட்டில், பாலைநிலத்துக் கள்வர் அம்பைச் செப்பம் பார்க்க நகத்தில் புரட்டும் ஓசையைப் பல்லியின் குரலுக்கு ஒப்பிட்டார் பாலை பாடிய பெருங்கடுங்கோ. பலமுறை பாடஞ்சொல்லியும் அவ்வோசையை யான் கேட்டதில்லை. நூலிற் படித்ததைச் செவியாற் கேட்டது அன்றுதான்.

வளைந்த கோலைத் தணலில் வாட்டி நிமிர்த்தல், நாணிற் பொருந்தும் பிளவாகிய குதையில் வெடிப்பு உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தல், நனைந்த இறகை உலர்த்திப் படிய நீவுதல், அலகைக் கல்லில் தீட்டி எண்ணெய் பூசித் துருவினின்று காத்தல் ஆகிய இவையெல்லாம் எய்யாத நாளிலும் செய்யவேண்டிய பணிகள். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் இல்லத்தைப் பாடுமிடத்து, வில் சார்த்தப்பெற்று அம்புகள் உறங்கும் மனை எனக் காட்டுவார். உறங்கும் குழவியைப் பேணுமாறு அம்பைப் பேணினர் என்பது அதனாற் பெறப்படும். வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தினையும் ஊடுருவிற்று என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியதும் ஈண்டு நினைக்கத்தகும். தோள்வலி மட்டுமா அது? செப்பமான அம்பின்றி அது கைகூடுமா?

இவ்வறிவோடு கண்ணப்பர் புராணத்தை மீண்டும் ஓதினேன். அடியேன் மேடையிற் சொன்ன ஆரவாரம் முற்றும் பிழையன்று. முதல் நாள் வேட்டை பெருங்கூட்டத்தோடு நிகழ்ந்தது. விலங்குகளை வளைத்து எழுப்புதற்குப் பறையும் கொம்பும் முழங்கின. அப்பேரொலியின் நடுவிலும் யானைக்கன்றையும் சிறுகுட்டிகளையும் சினையுற்ற பிணைகளையும் வேடர் துன்புறுத்தவில்லை என்று சேக்கிழார் பெருமான் குறித்துள்ளார். ஆனால் குடுமித்தேவரைக் கண்டபின் நிகழ்ந்தது வேறு. நாணனும் காடனும் நாகனாரிடம் செய்தி சொல்லச் சென்றுவிட்டனர். பின்வந்த நாள்களில் திண்ணனார் தனியராய்ச் சென்று, தனியராய் எய்து, இறைவனுக்கு அமுது கொணர்ந்தார். வளைத்துத் தருவார் இல்லாத அவ்வேட்டையில் அடங்கிய வில்லே உதவும். அந்த அடக்கமே காளத்தியப்பருக்குத் திருவமுதாயிற்று.

இரவிலோ அவ்வில் எய்யவே இல்லை. கொடுவிலங்கு வந்து ஐயனுக்கு ஊறு செய்யுமோ என்றஞ்சி, வில்லேந்திய கையராய், மலைபோல் அசையாது, கண் துயிலாது நின்றார் நாயனார். ஆறாம் நாள் திருக்கண்ணில் குருதி கண்டபோது ஊனும் சிலையும் கையினின்று சிதறி விழுந்தன. மீண்டும் வில்லெடுத்து, அம்பு தெரிந்து, தீங்கு செய்தாரைத் தேடினார், ஒருவரையும் காணார். பச்சிலை பிழிந்தார், பயனில்லை. இறுதியில் அவ்வம்பே தம் கண்ணை அகழ்ந்தெடுக்கும் கருவியாயிற்று. மழுங்கிய அம்பால் அத்தொண்டு இயலுமா? பிறவுயிரைக் கொல்லத் தீட்டிய கூர்மை, தம்மையே கொடுக்கும் பொழுதில் உதவிற்று. இரண்டாங் கண்ணில் அம்பை ஊன்றும்போது ஐயன் திருக்கை நீண்டு தடுத்ததை அன்பர்கள் அறிவர்.

எம்பெருமானும் ஒரு வில்லாளன் அல்லனோ? மேருவை வில்லாகவும் வாசுகியை நாணாகவும் திருமாலை அம்பாகவும் கொண்டு திரிபுரத்தின்மேற் சென்றவன், அம்பு எய்யாமல் நகைத்தே அதனை எரித்தான். திருவதிகை வீரட்டானம் அத்திருவிளையாடல் நிகழ்ந்த தலம். அவ்வில்லினும் அடங்கிய வில் ஏது?

இத்திருப்பணியில் கல் செதுக்கியவர், சுதை வேலை செய்தவர், விளக்குக்கு எண்ணெய் அளந்தவர், பெயர் பொறிக்க வேண்டாவென்று சொல்லிப் பொருள் ஈந்தவர் எனப் பலர் உளர். தத்தம் தொழிலையும் கருவியையும் செம்மையாக வைத்திருந்து, ஐயன் வேண்டிய பொழுதில் ஓசையின்றி நீட்டியவர்கள் இவர்கள். கண்ணப்பர் நெறி இதுவே. அன்று உரத்துப் பேசிய என் நாவுக்கும் அம்முதியவர் ஒரு மயிர்க்கற்றை கட்டினார். அவர் இன்றில்லை, அவருக்கும் இம்மலரில் ஒரு வணக்கம்.

கண்ணப்பர் திருவடி வாழ்க! குடமுழுக்குச் சிறக்க!

திருச்சிற்றம்பலம்.