ஈறுக்கு ஒட்டு போட்ட கதை

பாலக்கோடு பக்கம் 'ஒட்டு' என்றால் மாங்கன்றுதான் ஞாபகத்துக்கு வரும். ஈறுக்கும் ஒட்டு போடுவாங்க என்று சொன்னால், 'அதென்ன மாமரமா?' என்று கேட்பார்கள். சிரிக்காதீங்க மக்களே, கிட்டத்தட்ட அதேதான். நெருக்கு ஒட்டில் தாய்மரத்துக் கிளையை வெட்டாமல் நாட்டுக் கன்றோடு சேர்த்துக் கட்டி, ரெண்டும் ஒட்டின பிறகுதான் கிளையை அறுப்பார்கள். இளந்தண்டு ஒட்டில் குச்சியை முதலிலேயே வெட்டி எடுத்துச் செருகிவிடுவார்கள். பிழைத்தால் உண்டு. ஈறு இறங்கி வேர் தெரிகிறவர்களுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையின் வரலாறு முழுக்க இந்த ரெண்டு வழிக்கும் நடுவில் நடந்த இழுபறிதான். இடம் மாறின சதைக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? அவ்வளவுதான் கேள்வி.

இதில் நம்ம வட்டாரத்துக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கு. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில்தான் பாரமகால் சீமை திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. அதே போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே பக்கத்தில் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை மடித்து இறக்கி மூக்கு வைத்தார். தோலை முழுசாக அறுக்கவில்லை. புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை விட்டுவைத்து, ஒட்டிப் பிடித்த பிறகு சுமார் 25வது நாளில்தான் அதை வெட்டினார். அச்சு அசல் நெருக்கு ஒட்டு! 1794ல் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்தோடு போட்டது. அதைப் பார்த்துப் பழகி, 1814ல் கார்ப்யூ என்ற லண்டன் டாக்டர் அதே ஆபரேஷனைச் செய்தார். செய்து காட்டிய மனுஷன் பேர்தான் எங்கேயும் இல்லை. என்னத்த சொல்ல.

இந்தக் காம்பு விஷயம் ஈறுக்கு வந்து சேர 1956 ஆயிற்று. அமெரிக்காவில் குரூப், வாரன் இருவரும் பக்கத்துப் பல்லின் ஈறை, ஒரு பக்கம் ஒட்டியபடியே நகர்த்தி வேரை மூடினார்கள். நிறமும் பொருந்தும், ரத்தத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் பக்கத்துப் பல்லில் கொடுக்கிற அளவுக்கு ஈறு இருக்கணுமே. ஒரே வரிசையில் நாலு பல்லுக்கு இறங்கியிருந்தால் யாரிடம் கடன் வாங்குவது?

1963ல் ஸ்வீடனில் பியோர்ன் என்பவர் இளந்தண்டு ஒட்டு வழிக்குப் போனார். மேல் அண்ணத்திலிருந்து சதையை மொத்தமாக வெட்டி எடுத்து வேறு இடத்தில் தைத்தார். 1968ல் சல்லிவன், அட்கின்ஸ் இருவரும் அது எப்படிப் பிழைக்கிறது என்று விளக்கினார்கள். முதல் ரெண்டு மூணு நாள் அடியில் ஊறும் நிணநீரைக் குடித்தே உயிர் வாழும், அப்புறம்தான் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வந்து இணையும். சிக்கல் எங்கே தெரியுமா? பல்வேரின் மேற்பரப்பில் ரத்தமே கிடையாது. பாறை மேல் நாற்று நட்ட மாதிரி, ஒட்டின் நடுப்பகுதி அங்கேதான் கருகும். பிழைத்தாலும் அண்ணத்து நிறம் போகாது. சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டின மாதிரி வெளுப்பாகத் தனியே தெரியும். அண்ணத்தில் தோலுரிந்த புண் ஆறுவதற்குள் ரசம் சோறு கூட எரியும். இன்றைக்கும் கீழ் முன்பற்களில் ஈறைக் கெட்டியாக்க இந்த முறை பயன்படுகிறது. சிரித்தால் தெரியும் பல்லுக்கு நான் ஓட்டு போட மாட்டேன்.

1985ல்தான் ரெண்டு வழியும் கை கோத்தன. லாங்கர் என்று ஒரே பேர் கொண்ட இருவர், அண்ணத்தின் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற இணைப்புத் திசுவை மட்டும் உருவி எடுத்து, வேருக்கும் மேலே தூக்கிய ஈறுக்கும் நடுவில் வைத்துத் தைத்தார்கள். அடியிலிருந்தும் ரத்தம், மேலிருந்தும் ரத்தம். நிறமும் ஊர் நிறமே. அண்ணத்திலும் மூடித் தைத்துவிடுவதால் வலி குறைவு. 48 ஆய்வுகளை அலசிய 2018 காக்ரேன் தொகுப்பாய்விலும், வேரையும் மூடணும், ஈறையும் அகலப்படுத்தணும் என்றால் இந்த வழிக்குத்தான் கூடுதல் ஆதரவு.

அதே 1985ல் மில்லர் ஒரு தரவரிசை போட்டார். ரெண்டு பல்லுக்கு நடுவில் இருக்கிற எலும்பும் சதையும் குறையாமல் இருந்தால்தான் வேர் முழுசாக மூடும். அங்கே தேய்ந்துவிட்டால் எந்த ஒட்டும் பாதிக் கிணறுதான். பாரபட்சம் இல்லாமல் சொன்னால், எந்த ஒட்டு என்பதைவிட இதுதான் முதலில் கேட்க வேண்டியது.

நம்ம மாவட்டத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. பல் மஞ்சளாக இருந்தால் உடனே 'தண்ணிதான் காரணம்' என்போம். தப்பில்லை, ஃபுளோரைடு இங்கே நிஜம்தான், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013ல் வந்தது. ஆனால் அந்தக் கறை பல்லின் எனாமலில் இருப்பது. ஈறு ஓரத்தில் மட்டும் மஞ்சள் தெரிந்து, பல்லும் நீளமான மாதிரி இருந்தால் அது வேர். செங்கல் பொடி, சாம்பல், முரட்டு பிரஷ் வைத்துத் தேய்த்த கைக்கு அதில் பங்குண்டு. அந்தக் கையை மாற்றாமல் ஒட்டு போட்டால் ஒட்டும் இறங்கும்.

அண்ணத்தைத் தொடாத வழிகளும் இப்போ இருக்கு. தீக்காயத்துக்கென்று உருவான, செல் நீக்கிய தோல் 1990களில் ஈறுக்கும் வந்தது. இறந்த மனிதர் தானம் கொடுத்த தோல் அது. பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் படலங்களும் உண்டு. 2012ல் சாவ் என்பவர் எழுதிய முறையில் ஊசித்துளை அளவு ஓட்டை போட்டு ஈறையே தளர்த்தி இறக்குகிறார்கள், உள்ளே கொலாஜன் துண்டுகளைச் செருகுகிறார்கள். ரெண்டாவது புண் இல்லை என்பது பெரிய நிம்மதி. பொருளுக்கான காசு தனி. அது எந்த உயிரிலிருந்து வந்தது என்பதை, சைவமோ அசைவமோ, கையெழுத்து போடுவதற்கு முன்னாடியே டாக்டரிடம் கேட்டுவிடுங்க. கேட்டால் சொல்வார்கள்.